விழுந்தால் யார் தூக்குவது?

ஆத்தூருக்கு வடக்கே, கல்வராயன் மலை அடிவாரத்தில் ஓர் ஓடை இருக்கிறது. பெயர் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் ஓடும். மற்ற மாதங்களில் வெறும் மணலும் கூழாங்கல்லும்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாதக் காலையில், அந்த ஓடைக்கு நட்டநடுவில் நண்பனின் பழைய புல்லட் வலது பக்கம் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். டேங்க் மூடி வழியாகப் பெட்ரோல் சொட்டுச் சொட்டாக மணலில் இறங்கிக்கொண்டிருந்தது.

மூன்று தடவை தூக்கிப் பார்த்தேன். மூன்று தடவையும் முட்டி உயரம் வரை வந்து, காலடி மணல் சறுக்கி, வண்டி மறுபடி படுத்துக்கொண்டது. ஆடு மேய்க்க வந்த பெரியவர் ஒருவர் கொஞ்ச நேரம் தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். பிறகு தொரட்டியைக் கரையில் சாத்தி வைத்துவிட்டு வந்து பின்பக்கம் கை கொடுத்தார். நிமிர்த்தி நிறுத்தியதும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"வண்டி நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா இத எதுக்கு இங்க ஓட்டியாந்த?"

நியாயமான கேள்வி. அதற்குச் சரியான பதில் கிடைக்க எனக்கு இரண்டு வருஷமும் நான்கு வண்டிகளும் தேவைப்பட்டன. "மண் தடத்தில் ஓட்ட ஒரு பழைய வண்டி வாங்கணும், எதை வாங்கலாம்?" என்று இப்போதெல்லாம் மாதத்துக்கு ஒருவராவது என்னைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் அரை மணி நேரம் பேசுவதற்குப் பதிலாக ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

முதலில், எந்தத் தடத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லிவிட வேண்டும். டிவியில் காட்டுகிற, மண்ணைக் கிளப்பிக்கொண்டு மேட்டில் பறக்கிற பந்தயம் இல்லை இது. மரவள்ளிக் காட்டுக்குப் போகிற வண்டிப்பாதை, ஏரிக்கரை, சரளை கொட்டிக் கைவிட்ட பஞ்சாயத்து ரோடு, மலைக் கிராமத்திலிருந்து சந்தைக்கு இறங்குகிற பழைய தடம். வேகம் பெரும்பாலும் 20 கிலோமீட்டருக்குள்தான். பாதி நேரம் முதல் கியர், மீதி நேரம் இரண்டாவது. மூன்றாவது கியர் விழுந்தால் அன்றைக்கு நல்ல ரோடு என்று அர்த்தம்.

இந்த வேகத்தில் வண்டி எத்தனை குதிரைத்திறன் என்பதை மறந்துவிடலாம். நான் பார்ப்பது இரண்டே விஷயம். விழுந்தால் ஒற்றை ஆளாகத் தூக்க முடியுமா? நின்றுவிட்டால் கையில் இருக்கிற சாமானை வைத்துக் கிளப்ப முடியுமா? வாங்கப் போகிறவர் யாரும் இந்த இரண்டையும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

புல்லட்டைக் குறை சொல்கிறேன் என்று சண்டைக்கு வர வேண்டாம். கரடுமுரடான தடத்தில் அந்த வண்டிக்கு இருக்கிற பெயர் சும்மா வந்ததில்லை. பின்சக்கரம் குழிக்கேற்ப ஏறி இறங்குகிற ஸ்விங் ஆர்ம் சஸ்பென்ஷன் என்பதே பலருக்குப் புதிதாக இருந்த காலத்தில், 1948ல் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் போட்டியில் கோப்பை வாங்கிய பிரிட்டிஷ் அணியில் இரண்டு பேர் ஓட்டியது அது பொருத்திய புல்லட்டைத்தான். ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையலை, அதாவது பாறையும் சேறுமான தடத்தில் ஓட்டும் போட்டியை, ஜானி பிரிட்டன் 1952லும் 1957லும் வென்றது என்ஃபீல்டில்தான். நம் ராணுவம் எல்லைக் காவலுக்கு இந்த வண்டியைத்தான் எடுத்தது. அதையொட்டித்தான் 1955ல் சென்னையில் தயாரிப்பே ஆரம்பமானது.

ஆனால் பிரிட்டன் ஓட்டியது எடை குறைத்து, சைலன்சரை மேலே தூக்கிக் கட்டி, டிரையலுக்கென்றே கம்பெனி செய்து கொடுத்த வண்டி. நம் வீட்டு வாசலில் நிற்பது கிராஷ் கார்டு, கேரியர், சேலை கார்டு எல்லாம் சேர்த்து 160 கிலோவுக்கு மேல் எடை வருகிற குடும்ப வண்டி. 346 சிசி, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர், நீளம்தான். மெதுவாக, அழுத்தமாக இழுக்கும். ஏற்றத்தில் அந்த டக்-டக்-டக் சத்தத்தோடு அது நடந்து ஏறுவதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. விழுந்த பிறகுதான் கதையே வேறு. தூக்க வேண்டும். தூக்கினால் கார்ப்பரேட்டர் பெட்ரோல் குடித்து நிறைந்திருக்கும். ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்து, சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கிற டிகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, பிஸ்டனைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து உதைக்க வேண்டும். மணலில் ஸ்டாண்டு நிற்காது. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். வேறு வண்டி ஓட்டிப் பழகியவன் பதற்றத்தில் எதை மிதிப்பான் என்று சொல்லவே வேண்டாம். அன்றைக்கு நான் விழுந்ததே பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்ததால்தான்.

ஆளுக்கு உடம்பு இருந்து, கூட இரண்டு பேர் வந்தால் புல்லட் சரி. நான் 58 கிலோ. பெரும்பாலும் தனியாகப் போகிறவன்.

அடுத்து எல்லோரும் சொன்னது ஆர்எக்ஸ் 100. "தம்பி, யமஹாவை விட்டா வேற எது?" என்று டீக்கடையிலிருந்து கல்யாண வீடு வரைக்கும் ஒரே குரல். 1985 கடைசியில் வந்து 1996ல் நின்றுபோன வண்டி. 98 சிசி, 11 குதிரைத்திறன், நூறு கிலோவை ஒட்டிய எடை. நான் வைத்த முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. விழுந்தால் இடது கையில் ஹேண்டில்பாரையும் வலது கையில் சீட்டுக் கம்பியையும் பிடித்து நிமிர்த்திவிடலாம். டூ-ஸ்ட்ரோக் வண்டி என்பதால் பெட்ரோலோடு ஆயிலும் சேர வேண்டும், ஆனால் ஆயில் தனி டேங்கிலிருந்து பம்ப் வழியாகப் போவதால் கலக்கும் வேலை இல்லை.

ஒரு மழைக்காலம் முழுக்க இரவல் ஆர்எக்ஸ் ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். அதன் குணம் இப்படி: ஆர்பிஎம் கீழே இருக்கும்போது சாது. ஓர் இடம் தாண்டினால் பேய். ரோட்டில் அந்த இடத்தில் வருகிற சீற்றத்துக்காகத்தான் ஊரே அதைக் காதலிக்கிறது. ஈரச் செம்மண் ஏற்றத்தில் அதே சீற்றம் பின்சக்கரத்தைச் சும்மா சுழல விட்டுவிடும். கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஏற வேண்டியிருக்கும், பத்து நிமிஷத்தில் கிளட்ச் பிளேட் வாசனை மூக்கில் ஏறும். செயின் ஓடுகிற முன்பக்கப் பல்சக்கரத்தில் (ஸ்ப்ராக்கெட்) ஒரு பல்லைக் குறைத்தாலோ, பின்பக்கம் மூன்று பல்லைக் கூட்டினாலோ பாதிப் பிரச்சினை தீரும். இரண்டும் ஏறக்குறைய ஒரே கணக்குதான், முன்னதில் செலவு கம்மி. அப்படி மாற்றிய ஆர்எக்ஸ் உண்மையிலேயே நல்ல தடவண்டி. ஒல்லியான ஆளுக்கு, முதன்முதலாக மண்ணில் இறங்குகிறவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் விலை? நல்ல கண்டிஷன் வண்டி லட்சத்தைத் தாண்டிப் போய்விட்டது. அவ்வளவு கொடுத்து வாங்கி, பளபளவென்று பெயின்ட் அடித்த டேங்கைப் பாறையில் தேய்க்க எனக்கு மனசு வரவில்லை. கீறல் விழுமே என்று பயந்துகொண்டே போனால் கட்டாயம் விழுவோம். இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

ராஜ்தூத் 175 பற்றியும் ஒரு வார்த்தை. போலந்து நாட்டு எஸ்எச்எல் வண்டியின் வடிவத்தை வைத்து எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1962ல் கொண்டுவந்தது. மூன்றே கியர். இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிக்கொண்டு, கருக்கலில் பனி மூட்டத்துக்குள் டுபு டுபு என்று வரும். பால்காரர் வண்டி என்று பெயரே வந்துவிட்டதால் காதலிக்க ஆளில்லை, அதனாலேயே விலை ஏறவில்லை. மண்ணுக்கு ரொம்பப் பொருத்தமான, அடிபட்டாலும் கவலைப்படாத வண்டி. நான் வாங்கியிருப்பேன். எங்கள் பக்கம் சாமான் கிடைக்கவில்லை. ஒரு கிளட்ச் ஹப்புக்காகச் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் ஒரு நாள் முழுக்க அலைந்து வெறுங்கையோடு பஸ் ஏறினேன், அத்தோடு ஆசை போயிற்று. வட மாநிலத்தில் இருக்கிறவர்கள் யோசிக்கலாம். (ஆர்டி 350 வைத்திருக்கிறேன், ஓடையில் இறக்கலாமா என்று கேட்டு ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம் சார். அதை வீட்டில் வைத்துக் கும்பிடுங்கள்.)

இதற்கு நடுவில் என் மானத்தை வாங்கிய சம்பவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆர்எக்ஸோடு ஒரு சரளை ஏற்றத்தில் நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, பின்னால் ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் வந்தது. முன்னால் ஒரு மூட்டை மரவள்ளிக் கிழங்கு, பின்னால் ஒரு மூட்டை, அதன் மேல் ஒரு பையன். ஓட்டியவர் இரண்டு காலையும் தரையில் தள்ளித் தள்ளி, கியரே இல்லாத அந்த வண்டியில் நிற்காமல் என்னைத் தாண்டிப் போனார். போகிற போக்கில் "பெட்ரோல் தீந்துருச்சுங்களா?" என்று அக்கறையாகக் கேட்டார். தமிழ்நாட்டு மலைத்தடத்தின் உண்மையான ராஜா அந்த வண்டிதான். நாமெல்லாம் பொழுதுபோக்குக்காரர்கள்.

கடைசியில் வாங்கியது ஒரு யெஸ்டி ரோட்கிங்.

மைசூர் வண்டி. பிராகில் 1929ல் தொடங்கிய ஜாவாவின் வடிவத்தை வாங்கி, ஐடியல் ஜாவா கம்பெனி 1961 வாக்கில் மைசூரில் தயாரிக்க ஆரம்பித்தது. 1973ல் பெயர் யெஸ்டி ஆனது. ரோட்கிங் வந்தது 1978ல். 1996ல் தொழிற்சாலையே மூடப்பட்டுவிட்டது. 250 சிசி டூ-ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர், இரண்டு சைலன்சர். எடை 140 கிலோவை ஒட்டி வரும். அப்படியென்றால் முதல் கேள்வி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். புல்லட்டுக்கும் இதற்கும் இருபது கிலோவுக்கு மேல் வித்தியாசம். அந்த இருபது கிலோதான் என் எல்லைக்கோடு என்று அனுபவத்தில் தெரிந்துகொண்டேன். தூக்குகிற விதத்தையும் அதற்குள் கற்றிருந்தேன். வண்டியைக் கியரில் போட்டு, சீட்டில் முதுகைக் கொடுத்துக் குந்தி, ஒரு கை ஹேண்டில்பாரில், மறு கை பின்பக்கக் கம்பியில். கையால் இழுக்கக் கூடாது. காலால் பின்னோக்கி நடக்க வேண்டும். வலது பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை வெளியே தட்டிவிட்டுத்தான் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் நிமிர்ந்த வேகத்தில் அந்தப் பக்கம் போய் விழும். வீட்டு வாசலில் பழைய மெத்தை போட்டு நாலு தடவை பழகிப் பாருங்கள். வாங்கப் போகிற வண்டியையும் இப்படிச் சாய்த்துத் தூக்கிப் பார்க்கச் சொல்வேன். விற்கிறவர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை.

இரண்டாவது கேள்விக்குத்தான் யெஸ்டி என்னைச் சாய்த்தது. இந்த வண்டியில் கிக்கரும் கியரும் ஒரே லீவர்தான், இடது பக்கம் இருக்கும். உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர், உதைத்து முடித்ததும் திரும்பக் கியர். பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். விஷயம் அதில்லை. அந்தக் கியர் லீவரை அழுத்தும்போதே கிளட்ச் தானாக விடுபடும். ரோட்டில் ஓட்டுகிறவர்கள் இதை ஒரு வேடிக்கை என்று சொல்வார்கள். கருமந்துறைப் பக்கம் ஒரு சாயங்காலம் கிளட்ச் கேபிள் அறுந்தபோது எனக்கு அது வேடிக்கையாக இல்லை. லீவரை மெதுவாக அழுத்தி, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கி, லீவரை மெதுவாக விட்டால் வண்டி தானாக நகர்கிறது. நாற்பது சொச்சம் கிலோமீட்டர் அப்படியே ஓட்டி வீடு வந்தேன்.

பின்சக்கரம் இன்னொன்று. பஞ்சர் ஆனால் அச்சை உருவிச் சக்கரத்தை மட்டும் கழற்றலாம். பல்சக்கரமும் செயினும் செயின் கவரோடு அப்படியே வண்டியிலேயே நிற்கும். கிரீஸ் கை, செயின் லாக் தேடுதல், மணலில் தொலைந்துபோகும் அந்தச் சின்னக் கிளிப், எதுவும் கிடையாது. செயின் முழுக்க மூடிய கவருக்குள் ஓடுவதால் ஓடை மணல் அதைத் தின்பதும் இல்லை. இந்தக் கவரை ஸ்டைலுக்காகக் கழற்றி எறிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

பிளக்கில் பொறி வர வைக்கிற வேலையை, பாயிண்ட் என்கிற திறந்து மூடும் சின்னச் சுவிட்ச் செய்கிற வண்டியா, சிடிஐ என்கிற எலக்ட்ரானிக் பெட்டி செய்கிற வண்டியா என்று ஒரு வாதம் உண்டு. பாயிண்ட் அடிக்கடி தொல்லை தரும், ஆனால் தொல்லையை நாமே தீர்க்கலாம். சிடிஐ தொல்லையே தராது. தந்துவிட்டால் டெம்போ பிடிக்க வேண்டியதுதான். நான் பாயிண்ட் கட்சி. சட்டைப் பையில் பாயிண்டைத் துடைக்க ஒரு விசிட்டிங் கார்டு, ஒரு துண்டு உப்புத்தாள், இடைவெளி பார்க்க 0.4 மில்லிமீட்டர் கேஜ், ஒரு உபரி கண்டென்சர். பாயிண்ட் வலது பக்கக் கவருக்குள் உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் தாண்டும் நாளில் அந்தக் கவரின் ஓரத்தில் கொஞ்சம் கிரீஸ் தடவிவிட்டால் போதும். ஒரு தடவை அதைச் செய்யாமல் இறங்கி, நடு ஓடையில் நின்று, கண்டக்டர் கொடுத்த பஸ் டிக்கெட்டால் பாயிண்டைத் துடைத்துக் கிளப்பியிருக்கிறேன்.

சக்கரத்தையும் பாருங்கள். பழைய ஜாவாவுக்கு 16 இன்ச், ரோட்கிங்குக்கு 18 இன்ச். குழியில் இறங்கி ஏறப் பெரிய சக்கரம்தான் வசதி. கட்டை கட்டையாக வெட்டுள்ள டயர் போட்டுக்கொண்டால் பாதி வித்தை கைகூடிவிடும். மணலில் டயர் காற்றை 18, 20 பி.எஸ்.ஐ.க்குக் குறைக்கலாம். அதற்கும் கீழே போகாதீர்கள். ரிம்முக்குள் டயர் நழுவி டியூபின் மவுத்தைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும், மவுத் பிய்ந்த டியூபுக்கு ஒட்டுப் போட முடியாது.

குறை இல்லையா என்றால், நிறைய. இரண்டு சைலன்சரும் தாழ்வாக ஓடுவதால் என் வண்டியில் இரண்டுமே நசுங்கிய சொம்பு மாதிரி இருக்கின்றன. பிரேக் என்ற பெயரில் இருப்பவை வேகத்தைக் குறைக்கச் சம்மதிக்கும், நிறுத்தச் சம்மதிப்பதில்லை. டிரம் நனைந்தால் அதுவும் போச்சு. கியருக்கு நடுவில் பொய் நியூட்ரல் விழும், எந்தக் கியரும் பிடிக்காமல் வண்டி சும்மா இரையும். பெட்ரோலில் ஆயிலைக் கையால் கலக்க வேண்டும். நான் லிட்டருக்கு 40 மில்லி ஊற்றுகிறேன். புகை வரும். பின்னால் வருகிறவர்கள் திட்டுவார்கள்.

இந்தக் கலப்பு ஆயிலில் ஒரு பொறி இருக்கிறது. அதில் நானே விழுந்தேன். கொல்லிமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். எழுபது கொண்டை ஊசி வளைவு. பிரேக் நம்பிக்கையில்லாததால் இரண்டாவது கியரில் போட்டு, ஆக்சிலேட்டரை முழுக்க மூடி, இன்ஜின் இழுவையிலேயே இறங்கினேன். நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் இதுதான் புத்திசாலித்தனம். டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு கலந்துதான் ஆயில் உள்ளே போகிறது. ஆக்சிலேட்டரை மூடினால் பெட்ரோலும் இல்லை, ஆயிலும் இல்லை. சக்கரமோ இன்ஜினைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. பாதி மலை இறங்கியிருப்பேன். திடீரென்று ஒரு கீச்சுச் சத்தம், பின்சக்கரம் பூட்டிக்கொண்டு ஒரு முழம் வழுக்கியது. கிளட்சைப் பிடித்ததால் பிழைத்தேன். பிஸ்டன் ஜாம்.

ஓரமாக நிறுத்தி முக்கால் மணி நேரம் சூடு ஆற விட்டேன். குரங்குகள் வந்து பையைச் சோதித்துவிட்டுப் போயின. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஒரு மூடி ஆயில் விட்டு, கிக்கரை மெல்ல அசைத்து அசைத்து விடுவித்தேன். கிளம்பியது. ஆனால் சிலிண்டரில் கோடு விழுந்துவிட்டது, லேத்துக்குப் போய்ச் சிலிண்டரை அடுத்த சைஸுக்குக் குடைய வேண்டியதாயிற்று. இப்போது இறக்கத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் நடுவில் கிளட்சைப் பிடித்து ஒரு முறை ஆக்சிலேட்டரைக் கொடுத்து விடுகிறேன். பக்கத்தில் போகிறவர்கள் நான் சீன் போடுவதாக நினைக்கிறார்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியதில் பெயின்டும் குரோமும் கடைசி. அதிகம் மினுங்குகிற வண்டியைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். டூ-ஸ்ட்ரோக்கில் முதல் விஷயம் கிராங்க் சீல், அதாவது இன்ஜினின் கிராங்க் தண்டை இரண்டு பக்கமும் காற்றுப் புகாமல் அடைக்கிற வளையம். யெஸ்டியில் இடது பக்க சீல் போயிருந்தால் கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சிக் குடிக்கும். வண்டிக்கு அடியில் ஒரு சொட்டும் ஒழுகியிருக்காது, ஆனால் ஆயில் அளவு மட்டும் குறையும், வெள்ளைப் புகை நிற்காமல் வரும். வலது பக்க சீல் போயிருந்தால் காற்றை உறிஞ்சும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ஐடிலுக்கு இறங்காமல் இரைந்துகொண்டே இருக்கும். இந்த இரண்டாவது ரொம்ப ஆபத்து, பெட்ரோல் பற்றாமல் பிஸ்டனைச் சுட்டுவிடும். பிளக்கைக் கழற்றிக் கட்டைவிரலால் ஓட்டையை அடைத்து யாரையாவது உதைக்கச் சொல்லுங்கள். விரலைத் தூக்கி எறிந்தால் கம்ப்ரஷன் இருக்கிறது. அதன் பிறகு ஃபுட்ரெஸ்ட் பக்கம் சேஸிஸில் வெல்டிங் தடம் இருக்கிறதா என்று ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள்.

காகிதம் இன்னும் முக்கியம். ஆர்.சி. புக் இல்லாத வண்டியை யார் என்ன விலை சொன்னாலும் தொடாதீர்கள். சேஸிஸ் நம்பர் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். நம்பர் அடித்த இடத்தை யாராவது ராவியிருந்தால் கண்ணுக்குத் தெரியாதது தாளில் தெரியும். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், விட்டுப்போயிருந்தால் பாக்கி எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு விலை பேசுங்கள். 2021ல் மத்திய அரசு கொண்டுவந்த விதியில் ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிக்கு விஏ எழுத்துப் போட்ட விண்டேஜ் நம்பர் வாங்கலாம். கௌரவமாக இருக்கும். ஆனால் அந்த நம்பரை வாங்கினால் கண்காட்சி, பேரணி மாதிரிக் காரியங்களுக்குத்தான் எடுக்கலாம், வழக்கமாக ஓட்டக் கூடாது. மண்ணில் ஓட்ட நினைக்கிறவருக்குச் சாதாரண ஆர்.சி.யே போதும்.

தடம் என்று சொல்லிவிட்டுக் காப்புக்காட்டுக்குள் நுழைகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. வன எல்லைக் கல் நட்டிருக்கிற இடத்தைத் தாண்டி அனுமதி இல்லாமல் போவது குற்றம், 1882லிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள். பங்குனி, சித்திரையில் காய்ந்த போத்தைப்புல்லுக்குள் கொதிக்கிற சைலன்சரோடு போய் நிற்பதற்கு என்ன பெயர்? மழை விட்டு ஒரு வாரம் கழித்து, பஞ்சாயத்துத் தடத்தில், ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனால் மோரும் கிடைக்கும், வழியும் கிடைக்கும்.

என் வண்டியை யாரிடம் வாங்கினேன் என்று சொல்ல மறந்துவிட்டேன். ஆத்தூர்ப் பக்கத்தில் ஒரு பெரியவர். சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்குக் கிழங்கு பிடித்துக் கொடுக்கும் வியாபாரம் செய்தவர். இருபது வருஷம் இந்த ரோட்கிங்கில்தான் கல்வராயன் மலைக் கிராமங்களுக்கு ஏறி இறங்கியிருக்கிறார், முட்டி போன பிறகு திண்ணைக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். நான் போனபோது டேங்கில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. விலை பேசும்போது ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "வருசத்துக்கொருக்கா இந்தப் பக்கம் ஓட்டியா தம்பி. சத்தம் கேக்கோணும்."

ஒவ்வொரு தைக்கும் போகிறேன். இந்த வருஷமும் போனேன். வண்டி அருமையாக ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வீட்டுக்கு முன்னால் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினேன். அவர் கட்டிலில் உட்கார்ந்தபடி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இன்னொருக்கா போய்ட்டு வா. ரெண்டாவது கியர்ல. முறுக்காத, சும்மா விட்டு வா."

போய்விட்டு வந்தேன்.

"இடப்பக்கம் தட்டுது பாரு. உள்செயின் தொங்கிருச்சு."

எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன். மறுநாள் எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் சொன்னபோது அவரும் ஓட்டிப் பார்த்து, "ஒண்ணும் இல்லைங்க தம்பி, வயசான காது" என்றார். இருந்தாலும் சும்மாதானே நிற்கிறது என்று ஆயிலை இறக்கி இடது பக்கக் கவரைக் கழற்றினார். பெரியவர் சொன்ன அந்த உள்செயின், பிரைமரி செயின், விரல் தடிமனுக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. கவரின் உள்பக்கத்தில், செயின் உரசி உரசி, புது எட்டணாக் காசு மாதிரிப் பளபளவென்று ஓர் இடம்.